எழுவானும் படுவானும் இல்லாத கோள்: மட்டக்களப்பு முற்றத்திலிருந்து ஒரு மீப்புவியைத் தேடும் வழி

போன சித்திரையில் அக்காவின் மகனை நாவலடிக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தேன். பாயை விரித்து இருவரும் மல்லாந்து படுத்தோம். கையை நேரே மேலே நீட்டி, “அந்த இடத்தில ஒரு கோள் இருக்கு மனே. நம்மட பூமிய விட மூணு மடங்கு பாரம். ஈயம் உருகிற சூடு” என்றேன். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

“ஒண்டும் தெரியுதில்லையே மாமா. அப்ப அது பாரம் எண்டும் சூடு எண்டும் எப்பிடித் தெரியும்?”

அவனுக்கு அன்றிரவும் அதற்குப் பிறகு வந்த சில வாரங்களிலும் சொன்னதை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். வானியல் படித்திருக்கத் தேவையில்லை. சாதாரண தரக் கணிதமும், வர்க்கமூலம் எடுக்கத் தெரிந்த ஒரு கணிப்பானும், முகில் இல்லாத ஓர் இரவும் போதும். கோளை நீங்கள் பார்க்கப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் தொலைநோக்கியாலும் இன்றுவரை அதைத் தனி உருவாகப் படம்பிடிக்க முடிந்ததில்லை. ஆனால் அது வானத்தில் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எவ்வளவு சூடானது என்பதை நீங்களே கண்டு, நீங்களே கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.

தொடங்குமுன் மூன்று சொற்கள். வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் புறக்கோள். பூமியை விடப் பெரிதாகவும் நெப்டியூனை விடச் சிறிதாகவும் உள்ள புறக்கோளை சூப்பர் எர்த் என்கிறார்கள், தமிழில் மீப்புவி. இந்தப் பெயர் பருமனையும் திணிவையும் மட்டுமே குறிக்கிறது. அங்கே கடலும் காடும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சூரியனை விடச் சிறியதாய், குளிர்ந்ததாய், செம்மை படர்ந்து மங்கலாய் எரியும் விண்மீன் செங்குறுமீன். நமது பால்வீதியில் நான்கு விண்மீன்களை எடுத்தால் ஏறத்தாழ மூன்று இந்த வகைதான். அப்படியிருந்தும் அவற்றில் ஒன்றைக்கூட நாம் வெறுங்கண்ணால் வானத்தில் காண்பதில்லை.

நாம் தேடப்போகும் விண்மீனின் பெயர் கிளீசே 486. அண்மை விண்மீன்களுக்குப் பட்டியல் போட்ட ஜெர்மானிய வானியலாளர் வில்ஹெல்ம் கிளீசேயின் பெயர் அது. தூரம் 26 ஒளியாண்டுக்குச் சற்று மேல். அதைச் சுற்றும் கோளின் பெயரோடு ‘பி’ என்ற எழுத்துச் சேரும். பின்னர் சர்வதேச வானியல் ஒன்றியம் இரண்டுக்கும் பாஸ்க் மொழியில் பெயர் சூட்டியது: விண்மீன் கார், கோள் சு. அந்த மொழியில் கார் என்றால் சுவாலை, சு என்றால் நெருப்பு. நம் மொழியில் கார் மழைமுகிலாக இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

முதற்படி: நாளும் இடமும்

எத்தனையோ புறக்கோள்கள் இருக்க இதை நான் தேர்ந்ததற்குக் காரணம் நம்முடைய ஊர்தான். மட்டக்களப்பு வடக்கு அகலக்கோடு 7.7 பாகையில் இருக்கிறது. கிளீசே 486 வானத்தின் நடுக்கோட்டிலிருந்து 9.75 பாகை வடக்கே இருக்கிறது. வித்தியாசம் இரண்டு பாகை. ஆகவே அது நம் தலைக்கு மேலே, ஏறக்குறைய உச்சியிலேயே கடந்து போகிறது. வாகரையில் இன்னும் நெருக்கம். திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் இரண்டரை, மூன்று பாகை வடக்கே தள்ளித் தெரியும். ஐரோப்பாவில் இருந்து தேடுகிறவர் சாய்ந்த பார்வையில் தடித்த காற்றினூடே பார்க்கிறார். நாம் பார்ப்பது காற்று மிக மெல்லியதாக இருக்கும் திசையில்.

இதனால் இன்னொரு வசதியும் உண்டு. அடிவானம் தெரியும் வெளி தேவையில்லை. தென்னைகளுக்கு நடுவே கொஞ்சம் வானம் தெரியும் முற்றம் போதும். கடற்கரைக்குப் போக முடியாதவர்கள், இரவில் வெளியே போக வீட்டில் விடாத பிள்ளைகள், எல்லோரும் வீட்டு முற்றத்தில் பாய் போட்டே இதைச் செய்யலாம்.

காலம் பங்குனி நடுவிலிருந்து ஆனி வரை. கிளீசே 486 உச்சிக்கு வரும் நேரம் ஏப்ரல் தொடக்கத்தில் நள்ளிரவு. புத்தாண்டை ஒட்டி இரவு 11.20 அளவில். மே நடுப்பகுதியில் 9.15. ஜூன் தொடக்கத்தில் 8 மணி கடந்து சில நிமிடம். ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தும் என்று நினைவில் வைத்தால் வேறெந்த நாளுக்கும் நீங்களே கணித்துக்கொள்ளலாம். மாரி காலத்தில் இது விடியப்புறம்தான் எழும், அப்போது நம் பகுதியில் வானமும் மூடிக் கிடக்கும். அதை விட்டுவிடுங்கள். சித்திரையில் பின்னேரம் இடிமுகில் கட்டினால் சலிக்காமல் இரவு மீண்டும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

முழுநிலவு வரும் போயா நாளைத் தவிருங்கள், அதற்கு முன்பின் ஐந்தாறு நாட்களையும் சேர்த்து. எல்லாப் போயாவிலும் மோசமானது சித்திராப் பூரணை. கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்க்கும் அந்த நாளில் முழுநிலவு நிற்பது சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்தில். மாதத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். நாம் தேடும் விண்மீனும் அதே கன்னி ராசிக்குள் இருப்பதால் நிலா வெளிச்சத்தில் எல்லாம் கரைந்து போகும். அமாவாசையை ஒட்டிய இரவுகளே நல்லவை.

இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நகரம் வரை, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் வீதிவிளக்கு வெளிச்சம் அதிகம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருள் நன்றாக இருக்கும், ஆனால் பல ஊர்களில் இரவில் யானை வரும். அங்கே சொந்தக்காரர் வீடு இருந்தால் அவர்கள் முற்றத்தில் மட்டும் இருங்கள். வயல்வெளிக்கோ குளக்கட்டுக்கோ போகாதீர்கள். கடற்கரை என்றால் இருவருக்குக் குறையாமல் போங்கள். ரோச் லைட்டின் முகப்பில் சிவப்புப் பொலித்தீனை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டால் கண்ணின் இருட்டுப் பழக்கம் கெடாது. அந்தப் பழக்கம் வர 20 நிமிடமாவது வேண்டும். அந்த நேரம் முழுவதும் கைத்தொலைபேசியை எடுக்கக் கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி.

இரண்டாம் படி: இடத்தைக் கண்டுபிடித்தல்

வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம் அகப்பை வடிவில் நிற்கும். அகப்பைக் காம்பின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று ஒரு விண்மீன் வரும். அது சுவாதி. அதே வளைவைத் தெற்கு நோக்கி இன்னும் நீட்டினால் நீலவெள்ளையாக இன்னொன்று, அது சித்திரை. இரண்டுக்கும் மேற்கே, இவற்றை விடச் சற்று மங்கலாக, உத்தரம். ஏப்ரல் நடுவில் இரவு பத்து மணியளவில் உத்தரம் உச்சிக்குக் கிட்ட இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் பொருத்தம் பார்க்கச் சொல்லும் அதே பெயர்கள்தான். பெயரைத் தெரிந்த பலர் அந்த விண்மீனைப் பார்த்ததில்லை. இதுவே நல்ல தருணம், அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சுவாதி, சித்திரை, உத்தரம் மூன்றையும் கோட்டால் இணைத்தால் பெரிய முக்கோணம் கிடைக்கும். அதன் நடுவே, சற்று வடக்காக, ஓரளவு ஒளியுள்ள ஒரு விண்மீன் தனியாக நிற்கிறது. அதற்கு விண்டெமியாட்ரிக்ஸ் என்று பெயர். நகர வெளிச்சத்திலும் பெரும்பாலும் தெரியும். இப்போது கையை முழுதாக நீட்டி விரல்களை அளவுகோலாக்குங்கள். விண்டெமியாட்ரிக்ஸிலிருந்து உத்தரத்தின் திசையில் இரண்டு விரல் அகலம் நகருங்கள். அங்கிருந்து தெற்கே ஒரு விரல் அகலம் இறங்குங்கள். அந்த இடம்தான்.

வெறுமையாக இருக்கும். பரவாயில்லை. கிளீசே 486இன் ஒளிப்பருமன் 11.4. வெறுங்கண்ணின் எல்லை 6. பருமனில் ஒவ்வொரு படி கூடும்போதும் ஒளி இரண்டரை மடங்கு குறைகிறது. ஆகவே கண்ணுக்குத் தட்டுப்படும் மிக மங்கலான விண்மீனை விடவும் இது நூறு மடங்குக்கு மேல் மங்கல்.

வெறுமை சலிப்பாக இருந்தால் இதையும் செய்யுங்கள். விண்டெமியாட்ரிக்ஸுக்கு ஏறக்குறையத் தெற்கே, பொத்திய கையின் முக்கால் அகலத்தில், இன்னொரு விண்மீன் இருக்கிறது: டெல்டா வெர்ஜினிஸ். பைனாகுலர் இருந்தால் அதன் செம்மை தெளிவாகத் தெரியும். மேற்பரப்பு வெப்பநிலையில் இதுவும் கிளீசே 486உம் ஏறக்குறைய ஒன்று, நிறமும் அப்படியே. டெல்டா வெர்ஜினிஸ் சுமார் 200 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. கிளீசே 486 அதன் எட்டிலொரு பங்கு தூரத்தில்தான் இருக்கிறது, தெரியவில்லை. முதலாவது முதுமையில் ஊதிப் பெருத்த செம்பெருமீன், நமது சூரியனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஒளி வீசுவது. இரண்டாவது சூரியனின் நூற்றில் ஒரு பங்களவே ஒளி வீசும் சிறு தணல். ஒரே நிறத்தில் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். செங்குறுமீன் என்றால் என்ன என்று புத்தகத்தில் வாசித்ததை விட எனக்கு இந்த ஒரு பார்வையில் அதிகம் விளங்கியது.

அந்த வெற்றிடத்திலிருந்து இன்று நம் கண்ணில் படும் ஒளி 26 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. நாவலடியில் படுத்துக்கொண்டு இதைச் சொல்லும்போது மனம் வேறெங்கும் போவதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் அங்கிருந்து புறப்பட்ட ஒளி இன்னும் வழியில் இருக்கிறது. அது 2031இல் இங்கே வந்து சேரும்.

மூன்றாம் படி: தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு

இதைத் தாண்டிப் போகலாம், தொலைநோக்கி கட்டாயமில்லை. நான் முதலில் வாங்கியது பெட்டியில் ‘525 மடங்கு’ என்று அச்சடித்த ஒன்று. கால்கள் ஆடும், பிம்பம் கலங்கும், ஆறு மாதத்தில் மூலையில் வைத்துவிட்டேன். வாங்குவதென்றால் மடங்கைப் பார்க்காதீர்கள், ஆடியின் விட்டத்தைப் பாருங்கள். நாலரை அங்குல ஆடியில் நல்ல இருட்டில் கிளீசே 486 தட்டுப்படும். ஆறு அங்குலம் என்றால் நம்பிக்கையோடு தேடலாம். பணத்தை யோசித்தால் முதலில் 10×50 பைனாகுலர் வாங்குவதே நல்லது என்பது என் எண்ணம். விண்டெமியாட்ரிக்ஸும் நம் இடமும் ஒரே பார்வைக்குள் அடங்கும்.

உச்சிக்கு நேரே தொலைநோக்கியைத் திருப்புவது சிரமம். தரையில் வைக்கும் டொப்சோனியன் வகை செங்குத்தாக நிற்கும்போது இடம் வலம் தள்ளவே வராது. நம் ஊரில் இந்த விண்மீன் சரியாக அந்தச் சிக்கலான இடத்துக்கே வருகிறது. ஆகவே உச்சிக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு முன் அல்லது பின் பாருங்கள், அப்போது 75 பாகை உயரத்தில் இருக்கும். வரைபடத்துக்கு ஸ்டெலேரியம் என்ற இலவசச் செயலி போதும். தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஜி, ஜே என்ற இரண்டு எழுத்தோடு 486 என்று போடுங்கள், வராவிட்டால் எச், ஐ, பி எழுத்துகளோடு 62452. பழைய அச்சு வரைபடம் வேண்டாம். பக்கத்து விண்மீன் என்பதால் இது ஆண்டுக்கு ஒரு பாகைவினாடிக்கு (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு) சற்று மேல் நகர்கிறது.

நான்காம் படி: கணிப்பானை எடுங்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். பகலில், மேசையில், கொப்பியோடு உட்காருங்கள்.

கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி சற்றுக் குறைகிறது. இதைக் கடப்பு என்கிறோம். நாசாவின் டெஸ் விண்கலம் 2020 மார்ச், ஏப்ரலில், நாங்கள் ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த அதே நாட்களில், இந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தது. ஒளி குறைந்த அளவு 0.00133 பங்கு, அதாவது ஆயிரத்தில் ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேல். குறைவது கோளின் வட்டம் மறைக்கும் பரப்பு. பரப்பு ஆரையின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வர்க்கமூலம் எடுங்கள்: 0.0365. விண்மீனின் ஆரை சூரியனின் மூன்றிலொன்று அளவு, சுமார் 228,000 கிலோமீற்றர். பெருக்குங்கள். 8,300 கிலோமீற்றர் வருகிறதா? பூமியின் ஆரையான 6,371 ஆல் வகுத்தால் 1.3. உங்கள் கோள் பூமியை விட ஆரையில் 1.3 மடங்கு பெரியது. முதலாவது விடை கிடைத்துவிட்டது.

இதே கோள் நமது சூரியனுக்குக் குறுக்கே போனால்? 8,300ஐ 696,000 ஆல் வகுத்து வர்க்கியுங்கள். பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட வராது, ஒன்பது மடங்கு சிறிய குறைவு. மீப்புவி தேடுகிறவர்கள் செங்குறுமீன்களையே சுற்றி வருவதன் காரணம் இந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடும்.

அடுத்தது தூரம். கடப்பு 1.467 நாளுக்கு ஒருமுறை நிகழ்கிறது. அதாவது அங்கே ஓர் ஆண்டு என்பது நமது 35 மணித்தியாலமும் 13 நிமிடமும். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, சுற்றுக்காலத்தை ஆண்டிலும் விண்மீனின் திணிவைச் சூரிய அலகிலும் எடுத்தால், காலத்தின் வர்க்கத்தைத் திணிவால் பெருக்கிக் கனமூலம் எடுக்கத் தூரம் வரும். 1.467ஐ 365.25 ஆல் வகுக்க 0.004016. அதன் வர்க்கம் 0.00001613. விண்மீனின் திணிவு 0.323 ஆல் பெருக்க 0.00000521. கனமூலம் 0.0173. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள 1,496 இலட்சம் கிலோமீற்றரால் பெருக்குங்கள்: சுமார் 26 இலட்சம் கிலோமீற்றர். புதன்கூடச் சூரியனிலிருந்து 579 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. இது அதன் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

பாரம் எப்படித் தெரியும் என்று மருமகன் கேட்டான் அல்லவா? கோள் விண்மீனைச் சுற்றும்போது விண்மீனும் சும்மா நிற்பதில்லை, கோளின் இழுவையில் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஹோர்ன் அடித்தபடி வரும் பஸ் நம்மை நெருங்கும்போது ஒரு சத்தம், தாண்டும்போது வேறு சத்தம். விண்மீன் நெருங்கும்போது ஒளி நீலப் பக்கமும் விலகும்போது சிவப்புப் பக்கமும் அப்படியே நகர்கிறது. ஸ்பெயினின் காலர் ஆல்ட்டோவில் 3.5 மீற்றர் தொலைநோக்கியில் பொருத்திய கார்மெனெஸ் கருவி இந்த ஆட்டத்தை அளக்கப் பெரிதும் உதவியது. அளவு நொடிக்குச் சுமார் 3.4 மீற்றர், மணிக்கு 12 கிலோமீற்றர். கல்லடிப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு ஆறுதலாகச் சைக்கிள் மிதிக்கும் வேகம். 26 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு விண்மீன் அந்த வேகத்தில் ஆடுவதை மனிதர் அளந்திருக்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இதன் வியப்பு குறைவதில்லை.

அந்த ஆட்டத்திலிருந்து, திரிஃபோன் திரிஃபோனோவ் தலைமையிலான குழு 2021இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட திணிவு பூமியைப் போல 2.8 மடங்கு. பின்வந்த அளவீடுகள் 3 என்கின்றன. 2.8ஐ 1.3இன் கனத்தால் வகுத்தால் 1.27. பூமியின் அடர்த்தி 5.5ஆல் பெருக்கினால் கன சென்ரிமீற்றருக்கு 7 கிராம். நீராலோ வாயுவாலோ ஆன உருண்டைக்கு இந்த அடர்த்தி வராது. பாறையும் இரும்பும்தான். 2.8ஐ 1.3இன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள்: அங்கே ஈர்ப்பு பூமியைப் போல 1.66 மடங்கு. 50 கிலோ அரிசி மூட்டை 83 கிலோ போலக் கனக்கும்.

கடைசிக் கணக்கு, சூடு. விண்மீனின் ஆரையைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, விண்மீனின் வெப்பநிலையால் பெருக்க வேண்டும். 228,000ஐ 5,188,000 ஆல் வகுக்க 0.04395. வர்க்கமூலம் 0.2096. விண்மீன் 3,340 கெல்வின். விடை 700 கெல்வின். 273ஐக் கழித்தால் 427 பாகை செல்சியஸ். ஈயம் 327 பாகையில் உருகும். வாவியில் வீச்சுவலை போடுகிறவர்கள் வலைக்கு ஈயம் உருக்கி வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதற்கும் நூறு பாகை மேலே.

இந்த 427, வந்த வெப்பம் கோள் முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் வரும் எண். அந்த ‘இருந்தால்’ என்பதை மறந்துவிடாதீர்கள், அடுத்த படி முழுவதும் அதைப் பற்றியதுதான்.

ஐந்தாம் படி: அங்கே காற்று இருக்கிறதா?

இவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் கோள் காலப்போக்கில் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டியபடி பூட்டிக்கொள்ளும், நமக்கு நிலா ஒரே முகம் காட்டுவது போல. ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் ஓயாத இரவு. சூரியன் எழும் கரையை எழுவான் என்றும் படும் கரையை படுவான் என்றும் பிரித்துப் பெயரிட்டு வாழும் நமக்கு, இரண்டுமே இல்லாத ஒரு நிலத்தைக் கற்பனை செய்யக் கொஞ்ச நேரம் எடுக்கும். பகற்பக்கத்தின் நடுவே நின்றால் உச்சியில் ஒரு செஞ்சூரியன் அசையாமல் நிற்கும். கையை நீட்டிப் பொத்திப் பாருங்கள். அந்தப் பொத்திய கையளவு அகலம், பத்துப் பாகை. நமது சூரியனோ அரைப் பாகைதான், சிறுவிரலால் மறைத்துவிடலாம்.

தடித்த காற்று இருந்தால் அது பகற்பக்கச் சூட்டை இரவுப் பக்கத்துக்குக் கொண்டுபோகும். கடற்காற்று நம் வெயிலைத் தணிப்பது போல. அப்போது பகற்பக்கம் 700 கெல்வினை ஒட்டி இருக்கும். காற்றே இல்லாமல் கரும்பாறை மட்டும் இருந்தால், வந்த சூடு வந்த இடத்திலேயே தங்கிப் பகற்பக்கம் 895 கெல்வின் வரை போக வேண்டும். இந்த இரண்டு எண்களையும் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இதை அளந்தது. கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது எவ்வளவு அகச்சிவப்புக் கதிர் குறைகிறது என்று பார்த்தால் அதுவே பகற்பக்கத்தின் சூடு. 2024இல் வெளியான விடை 865 கெல்வின், கூட்டிக் குறைத்தால் 14. செல்சியஸில் 590 அளவு. உங்கள் கொப்பியில் இது எந்த எண்ணுக்குக் கிட்ட நிற்கிறது? மருமகன் யோசிக்காமல் சொன்னான்: “காத்து இல்ல மாமா.” ஆய்வாளர்கள் வந்த முடிவும் அதுதான், தடித்த வளிமண்டலம் இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டு, 2023இல், இதே வெப் நீராவியின் சாயலைக் கண்டதாகச் செய்தி வந்தது. நம் பக்கத்தில் பகிரப்பட்ட சில தலைப்புகள் ‘தண்ணீர் கண்டுபிடிப்பு’ என்று மட்டும் நின்றுவிட்டன. அந்த ஆய்வாளர்களே அப்போது இரண்டு வாய்ப்பைச் சொன்னார்கள்: நீராவி கோளில் இருக்கலாம், அல்லது விண்மீனிலேயே இருக்கலாம். செங்குறுமீனின் கரும்புள்ளிகள் நீராவி தங்கும் அளவுக்குக் குளிர்ந்தவை. 2024 அளவீட்டுக்குப் பிறகு இரண்டாவது வாய்ப்பே கூடுதல் பொருத்தமாகத் தெரிகிறது. புறக்கோள் செய்தி எதையாவது வாசித்தால், ‘இது விண்மீனின் குறியா, கோளின் குறியா?’ என்று கேட்டுப் பழகுங்கள்.

ஆறாம் படி: ஒளி குறைவதை நீங்களே பாருங்கள்

டெஸ் அளந்த எண்கள் எல்லாம் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. கணினி வசதி இருந்தால் உலாவியிலேயே இயங்கும் கூகுள் கொலாபில் பைத்தான் மொழிக்கான லைட்கர்வ் என்ற தொகுப்பை நிறுவுங்கள். டி, ஓ, ஐ எழுத்துகளோடு 1827 என்ற எண்ணைத் தேடி, 23ஆவது பிரிவுத் தரவை இறக்குங்கள். விண்மீனின் சொந்த ஏற்ற இறக்கத்தை நீக்கித் தட்டையாக்கும் கட்டளை ஒன்று உண்டு, முதலில் அது. பிறகு 1.467119 நாள் என்ற காலத்தைக் கொடுத்து மடியுங்கள். மடித்தல் என்றால் எல்லாச் சுற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல். புள்ளிகளின் கூட்டத்தில் நடுவே ஒரு சின்னப் பள்ளம் விழும். ஆழம் 0.00133. நீங்கள் கணிப்பானில் போட்ட அதே எண்.

நிரலாக்கம் தெரியாதவர்கள் சூனிவர்ஸ் தளத்தின் பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் திட்டத்தில் சேரலாம். கைத்தொலைபேசி போதும். ஒளி வரைபடம் ஒன்று வரும், பள்ளம் தெரிந்தால் குறியிட வேண்டும், அவ்வளவுதான். முதல் இருபது முப்பதில் குழப்பமாக இருக்கும், மறுகா கண் பழகிவிடும்.

இனி ஒன்று மட்டும் மிச்சம். நாசாவின் புறக்கோள் காப்பகத்தில் கடப்பு நேரங்களைக் கணித்துத் தரும் பகுதி இருக்கிறது. கிளீசே 486 பியைத் தெரிவு செய்து மே மாதம் முழுவதற்குமான நேரங்களை எடுங்கள். அவை உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 35 மணித்தியாலம் 13 நிமிடம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இரவு எட்டு மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் விழுவதை மட்டும் கலண்டரில் வட்டமிடுங்கள், போயாவுக்குக் கிட்ட வருவதை வெட்டிவிடுங்கள். சில இரவுகள் எஞ்சும்.

அதில் ஒரு இரவு பாயை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போங்கள். கடப்பு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் நீடிக்கும். விண்டெமியாட்ரிக்ஸ், இரண்டு விரல், ஒரு விரல். தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். போன மே மாதம் நாங்கள் அப்படிப் படுத்திருந்தபோது மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இப்ப உள்ள பூந்திட்டு மாமா” என்றான். அதன் பிறகு ஒரு மணித்தியாலம் அவன் வாய் திறக்கவில்லை.